எச் இன்டெக்ஸ் 14 உள்ளவரிடம் பிஎச்.டி. சேரலாமா?

நோயெதிர்ப்பியலில் நீங்கள் சேர நினைக்கும் கைடுக்கு எச் இன்டெக்ஸ் 14தான், இது குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ ஒரு சீனியர் அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒவ்வொன்றும் குறைந்தது 14 முறை மேற்கோள் காட்டப்பட்ட 14 கட்டுரைகள் அவரிடம் உள்ளன. எச் இன்டெக்ஸ் 14 என்பதற்கு அவ்வளவுதான் பொருள். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. லேப் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவருக்கு 14 நல்ல எண். ஓய்வை நெருங்குபவருக்குக் குறைவு. அவர் பெயர் முதலில் (வேலையைச் செய்தவர்) இருக்கிறதா, கடைசியில் (லேபை நடத்துபவர்) இருக்கிறதா, நடுவில் இருபது பேரோடு இருக்கிறதா என்பதும் இதில் தெரியாது.

நானும் இந்தத் துறைதான். எலிகளில் நினைவு டி செல்களை, அதாவது முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்களைப் பார்ப்பது என் வேலை. செல்லில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கப் பல லேப்களில் புழங்கிய ஒரு ஆன்டிபாடி குளோன் (ஒரே வகை ஆன்டிபாடி) மீது எங்களுக்குச் சந்தேகம் வந்தது. அது பிடிக்க வேண்டிய புரதத்தின் ஜீனையே நீக்கிய நாக்அவுட் எலியின் செல்களிலும் அது பளிச்சென்று ஒட்டியது. இல்லாத புரதத்தில் எப்படி ஒட்டும்? ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்ளும் எஃப்சி ரிசெப்டர்களை பிளாக் செய்து பார்த்தோம், அந்தப் புரதத்தைக் குறிவைக்காத ஆன்டிபாடியை ஐசோடைப் கன்ட்ரோலாக வைத்தோம், வேறு பேட்ச் வாங்கியும் பார்த்தோம். முடிவு மாறவில்லை. எழுதி வெளியிட்டோம்.

அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் மிகக் குறைவு. ஆனால் மாநாடுகளில் சந்திப்பவர்கள், "உங்க பேப்பர் பார்த்துதான் அந்த குளோனை விட்டோம்" என்கிறார்கள். ஒரு ஆன்டிபாடியைப் பயன்படுத்தினால் மெத்தட்ஸ் பகுதியில் எழுதுவார்கள். கைவிட்டதைப் பற்றி யார் எழுதுவார்கள்? எங்கள் வேலை பயன்பட்ட இடத்திலெல்லாம் சுவடே இல்லை. அதே சமயம், பிறர் முடிவுகளைத் தொகுத்து நான் எழுதிய ஒரு ரிவ்யூ கட்டுரை பல மடங்கு மேற்கோள் வாங்கியது. பதவி உயர்வுக் குழுவில் அந்த ரிவ்யூவைப் பாராட்டினார்கள். ஆன்டிபாடி கட்டுரையைக் காட்டி, "இதுக்கு இம்பாக்ட் இல்லையே" என்றார் ஒருவர். அவர் அதைப் படித்திருக்கவில்லை என்பது அடுத்த கேள்வியிலேயே தெரிந்தது. இன்றும் அது உறுத்துகிறது.

எண் குறைந்தவர்தான் இப்படிப் பேசுவார் என்று கமென்ட் வரும். வரட்டும். எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீண்ட காலம் லேப் நடத்தியும் அங்கே ஒரு மாணவர்கூட முதல் பெயராகக் கட்டுரை போடவில்லை என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஆனால் ஜர்னலின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். கோழியின் பர்சா என்ற உறுப்பை நீக்கினால் ஆன்டிபாடி உருவாவது குன்றுகிறது என்ற கண்டுபிடிப்பை சயன்ஸ் இதழ் ஏற்கவில்லை. 1956இல் அது பவுல்ட்ரி சயன்ஸ் என்ற கோழி வளர்ப்பு இதழில் வந்தது. ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்களைப் பற்றிய புரிதல் அங்கிருந்துதான் வளர்ந்தது. நோயெதிர்ப்பியலாளர்கள் அதைக் கவனிக்கவே பல ஆண்டுகள் ஆயின. நோயெதிர்ப்பு உடலையே தாக்காமல் தடுக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பற்றி ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சி 1995இல் எழுதியதற்கு நோபல் வந்தது 2025இல். ஜர்னல்களை மதிப்பிடும் இம்பாக்ட் ஃபாக்டரோ முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களை மட்டும்தான் எண்ணுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். செல்களில் ஒட்டிய ஒளிரும் நிறங்களை வைத்து அவற்றை எண்ணிப் பிரிக்கும் எங்கள் ஃப்ளோ சைட்டோமெட்ரி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் இரவு வரை இருந்து செல்களைப் பிரித்துக் கொடுப்பார், ஒரே சோதனையில் சேர்த்துப் பயன்படுத்தும் நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதையும் அவர்தான் கண்டுபிடிப்பார். வேறொரு குழுவின் கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் இருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டது. நன்றிப் பகுதியில்கூட வரவில்லை. அந்தக் கட்டுரை ஏராளமான மேற்கோள் வாங்கியிருக்கிறது. அவருடைய எச் இன்டெக்ஸ் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

சரி, உங்கள் விஷயம். அவர் கடைசிப் பெயராக இருக்கும் சமீபத்திய கட்டுரைகள் மூன்றை எடுத்துப் படியுங்கள். முடிவைச் சரிபார்க்கச் செய்த கன்ட்ரோல் சோதனைகளைப் பாருங்கள், முதல் பெயராக இருக்கும் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடி அவர்களிடமே பேசுங்கள். அப்புறம், அந்த 14ஐ, மேற்கோள்களை எண்ணும் தளங்களில் கூகுள் ஸ்காலரில் பார்த்தீர்களா, ஸ்கோபஸிலா? இரண்டிலும் பெரும்பாலும் ஒரே எண் வராது. அதே பெயர் கொண்ட வேறொருவரின் கட்டுரைகளும் சில சமயம் சேர்ந்துவிடும். அவருக்கு ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) இருந்தால் அதில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.