மாசசூசெட்ஸில் வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டில் வான்கோழி முட்டைகள் கிடக்கின்றன, தாயைக் காணோம். எடுத்துப் பொரிக்க வைக்கலாமா?

எடுக்காதீர்கள். மே மாதத் தொடக்கத்தில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தப் பெட்டை இன்னும் முட்டையிட்டு முடித்திருக்காது.

காட்டு வான்கோழி ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அந்த இரண்டு வாரமும் இடுகிற நேரத்துக்குத்தான் கூட்டுக்கு வரும், சருகால் மூடிவிட்டுப் போய்விடும். பகலில் மேயும், சேவலோடு சேரும், இரவில் மரத்தில் அடையும். அடைக்கு உட்காரும்வரை கரு வளராது, அதனால் குளிர்ந்து கிடக்கிற முட்டை செத்த முட்டை அல்ல. கடைசி முட்டைகளை இடும் சமயத்தில் அடை தொடங்கி, சுமார் 28 நாள் நீடிக்கும். அப்போது இரவிலும் தரையிலேயே இருக்கும். இரைக்கு மட்டும் கொஞ்ச நேரம் எழும். சேவல் கூட்டுப் பக்கம் வராததும் இயல்புதான்.

மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. கெடுப்பது தொந்தரவு. அடையின் தொடக்க நாட்களில் விரட்டப்பட்ட பெட்டை திரும்பாமல் போகலாம். குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கத்தான் விடாமல் உட்காரும். தாய் எழுந்து ஓடினால் காக்கைக்குக் கூடு தெரிந்துவிடும். முட்டை தின்னும் விலங்குகளான ராக்கூனும் ஸ்கங்கும் இரவில் வந்து தின்றுவிடும். ஆகவே தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள், நாயைக் கட்டிவையுங்கள், ஜூன் முடியும்வரை அந்தப் பக்கம் புல்வெட்டும் இயந்திரம் வேண்டாம். கூடு அழிந்தாலும், அதுவும் முட்டையிடும் காலத்திலேயே அழிந்தால், பெட்டை பெரும்பாலும் வேறிடத்தில் மறுபடி இடும்.

பொரித்த ஒரு நாளுக்குள் குஞ்சுகள் தாயோடு கிளம்பிவிடும். பிறகு போய் ஓடுகளைப் பாருங்கள்: அகன்ற முனை மூடிபோல் வட்டமாகக் கழன்றிருந்தால் பொரித்தது, நொறுங்கிக் கிடந்தால் ஏதோ தின்றது.

கேள்விக்கு வெளியே ஒன்று. இதே மாநிலத்தில் 1851-இல் இந்தப் பறவை அற்றுப்போனது. 1972, 73-இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து விட்டுத்தான் மீட்டார்கள். இன்று சோளத்தைப் போட்டுச் சேவல்களை வாசலுக்குப் பழக்கிவிட்டு, ஏப்ரலில் அவை காரில் தெரியும் தங்கள் பிம்பத்தைக் கொத்தும்போது 'தொல்லை, பிடித்துப் போங்கள்' என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் வீட்டில் பறவைத் தீவனத் தொட்டி இருந்தால் வசந்தத்தில் எடுத்துவிடுங்கள். கீழே சிந்தும் தானியத்துக்கு ராக்கூனும் வரும், கூடு பக்கத்தில்தானே இருக்கிறது.