தண்ணீர் அதே அளவு, பில் மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். பல வருடங்களாக மாதம் 22 கனமீட்டர் தண்ணீர்தான் செலவாகிறது. ஆனால் தண்ணீர்க் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. மலேசியாவின் ஜொகூரிலிருந்து ஆயிரம் கேலன் 3 சென்னுக்குத்தானே வாங்குகிறோம்? அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். இது இன்னும் ஏறுமா? எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

பதில்: ஏறும். அப்படி நினைத்தே கணக்குப் போடுங்கள். ஏன் என்பதற்கு முதலில் பில்லைப் பிரித்துப் பார்ப்போம்.

2024 மார்ச் வரை ஒரு கனமீட்டர் 2.74 வெள்ளி. அந்த ஏப்ரலில் 20 காசு, 2025 ஏப்ரலில் 30 காசு ஏறி 3.24 ஆனது. பொருள் சேவை வரி தனி. உங்கள் 22 கனமீட்டருக்கு மாதம் 11 வெள்ளி கூடுதல். அந்த 50 காசில் 22 காசு தண்ணீரின் விலை. தண்ணீர்ச் சேமிப்பு வரி அந்த விலையில் பாதி என்பதால் 11 காசு தானாக ஒட்டிக்கொண்டது. மிச்சம் 17 காசு கழிவுநீர்க் கட்டணம். ஆக, ஏறியதில் மூன்றில் ஒரு பங்கு குழாயில் வந்த தண்ணீருக்கு இல்லை, சாக்கடைக்குப் போனதற்கு.

அடுத்து அந்த 3 சென். உங்கள் ஒரு மாதத் தண்ணீர் ஏறக்குறைய 4,840 கேலன். ஜொகூருடன் செய்த 1962 ஒப்பந்த விலையில் மலேசியக் காசு 15 சென்கூட ஆகாது. ஆனால் அது ஆற்றில் ஓடும் தண்ணீரின் விலை. அதை நம்பியே இருந்துவிடவும் முடியாது. 2016 அக்டோபரில் ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒப்பந்தமும் 2061இல் முடிகிறது. அதனால்தான் புதுநீர் (மறுபடி சுத்திகரித்த கழிவுநீர்), கடல்நீர் சுத்திகரிப்பு எல்லாம். 2005இல் துவாசில் முதல் கடல்நீர் ஆலை வந்தது, இப்போது ஐந்து இருக்கின்றன. கடல்நீரிலிருந்து உப்பை நீக்க ஒரு கனமீட்டருக்குச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் தேவை. உங்கள் 22 கனமீட்டரும் கடலிலிருந்து வந்தால் 77 யூனிட்! நம் மின்சாரமோ பெரும்பாலும் இறக்குமதி எரிவாயுவில் தயாராகிறது. எங்கோ எரிவாயு விலை துள்ளினால் இங்கே குழாய்த் தண்ணீர் விலையும் அசையும்.

‘மழைதான் கொட்டுகிறதே’ என்று என் மாமியார் கேட்பார். மழை கொட்டினாலும் ஆலைக்குப் போட்ட முதலும், ஆள் சம்பளமும், பராமரிப்பும் நிற்பதில்லை. வறட்சிக்காகத் தயாராக வைத்திருக்கும் செலவு அது. காப்புறுதிப் பிரீமியம் மாதிரி.

கழிவுநீரும் லேசுப்பட்ட செலவு இல்லை. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கக் குழாய் 2008இல் முடிந்தது. துவாஸ் பக்கம் போகும் இரண்டாம் கட்டத்துக்கு 6.5 பில்லியன் வெள்ளி.

எனக்கு உறுத்துவது வேறு. 2000 முதல் 2017 வரை விலையை யாரும் தொடவே இல்லை. பிறகு ஒரேயடியாக 30 விழுக்காடு, இரண்டு தவணையில். வருடா வருடம் கொஞ்சம் ஏற்றியிருந்தால் யாருக்கும் இவ்வளவு வலித்திருக்காது. 2017க்கு முன் 2.10 வெள்ளி, இப்போது 3.24. 25 வருடத்துக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எட்டு வருடத்தில் அடக்கினால் ஐந்தரை. ஓய்வுக்காலக் கணக்குக்கு 4 என்று வையுங்கள். உங்கள் 22 கனமீட்டருக்கு இன்றைய 71 வெள்ளி (பொருள் சேவை வரி இல்லாமல்) பத்து வருடத்தில் சுமார் 105 ஆகும்.

ஒரு எச்சரிக்கை: யூ-சேவ் (தண்ணீர், மின்சார பில்லுக்கு அரசாங்கம் தரும் தள்ளுபடி) கழித்த பிறகு வரும் தொகையைப் பட்ஜெட்டில் எழுதாதீர்கள். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது, அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கழிப்பதற்கு முந்திய தொகைதான் உங்கள் உண்மையான செலவு.

உங்கள் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 147 லிட்டர் வருகிறது. அரசாங்கம் 2030க்கு வைத்திருக்கும் இலக்கு 130. அதற்கு இறங்கினால் மாதம் 8 வெள்ளி மிஞ்சும், ஏறிய 11இல் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். குளியலைக் குறைக்கும் முன் கழிவறைத் தொட்டியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை காரணமே தெரியாமல் பில் ஏறியது. ராத்திரி தொட்டியில் கேசரிப் பவுடரைக் கொஞ்சம் கரைத்து, ஃபிளஷ் செய்யாமல் விட்டேன். அரை மணி நேரத்தில் கீழே கோப்பையில் ஆரஞ்சு நிறம். உள்ளே இருந்த ரப்பர் மூடி தேய்ந்து, சத்தமே இல்லாமல் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. இன்று படுக்கப் போகும் முன் மீட்டரைப் படம் எடுங்கள், காலையில் குழாயைத் திறப்பதற்கு முன் இன்னொன்று. ராத்திரி யாரும் தண்ணீர் பயன்படுத்தாமலேயே இரண்டிலும் எண் வேறாக இருந்தால் கேசரிப் பவுடரைத் தேடுங்கள்.