பற்று, வரவு, அனாமத்து: கணக்கேடு கற்போரின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கணக்குப்பதிவியல் படிப்பவர்கள் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். குறிப்பேடு (நடவடிக்கைகளை நாள் வரிசையில் முதலில் பதியும் ஏடு), பேரேடு (அவற்றைக் கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் ஏடு), இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைத் தொகுத்துச் சரிபார்க்கும் பட்டியல்) ஆகியவற்றோடு ஓரளவு பழகியவர்களுக்கே இந்தப் பதில்கள்.

கேள்வி: பணம் கைக்கு வந்தால் 'வரவு' என்றுதான் பேசுகிறோம். பாடத்திலோ ரொக்கக் கணக்கைப் பற்று செய்யச் சொல்கிறார்கள். வங்கி அறிக்கையில் நான் செலுத்திய பணம் மறுபடியும் வரவு என்று வருகிறது. எதைத்தான் நம்புவது?

பதில்: மூன்றும் சரியானவையே, யாருடைய இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் வேறுபடுகிறது. 'வரவு செலவு' என்னும்போது வரவு என்பது நம் கைக்கு வந்த பணம். 'பற்று வரவு' என்னும்போதோ, யாருடைய பெயரில் கணக்கு இருக்கிறதோ அவர் பெற்றாரா, கொடுத்தாரா என்பதே பொருள். 'அவர் பேரில் பற்று எழுதினேன்' என்றால் அவர் நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டார் என்றும், 'அவர் கணக்கில் வரவு வைத்தேன்' என்றால் அவர் நமக்குக் கொடுத்தார் என்றும் எவரும் புரிந்துகொள்வார்கள். ரொக்கக் கணக்கையும் அப்படியே, பெட்டிச் சாவியை வைத்திருக்கும் ஒரு காசாளராக எண்ணிக்கொள்ளுங்கள். கடனாளி ஒருவர் 4,000 கொண்டுவந்து செலுத்தினால், பெற்றுக்கொண்டவர் காசாளர். ஆகவே ரொக்கக் கணக்கில் பற்று. கொடுத்தவர் கடனாளி, ஆகவே அவர் கணக்கில் வரவு. வங்கி தன் ஏட்டில் உங்கள் பெயரில் கணக்கு வைத்திருக்கிறது. அந்த ஏட்டில் கொடுத்தவர் நீங்கள் என்பதால் உங்களுக்கு வரவு வைக்கிறது.

செலவுக் கணக்குகளில் இந்த உருவகம் அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. அங்கே காரணத்தை முதலிலிருந்து, அதாவது மூலதனத்திலிருந்து, தொடங்குங்கள்: உரிமையாளரின் முதல் (மூலதனம்) வரவுப் பக்கத்தில் நிற்கிறது, செலவு அந்த முதலைக் குறைக்கிறது, வரவுப் பக்கத்தில் நிற்பதைக் குறைப்பது பற்று. வருமானம் முதலைக் கூட்டுவதால் வரவு. ஒவ்வொரு பதிவின் கீழும் அதன் காரணத்தை ஒரு வரியில் விளக்கக் குறிப்பாக எழுதுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். காரணம் எழுத வராத பதிவு, புரியாமல் போட்ட பதிவு.

கேள்வி: வாரத்திற்கு எத்தனை மணி நேரம் படித்தால் போதும்? ஞாயிற்றுக்கிழமை மட்டுமே எனக்கு ஓய்வு.

பதில்: ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஆனால் ஞாயிறு ஒரே நாளில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, நாளுக்கு ஐம்பது நிமிடமாகப் பிரித்துக்கொண்டு தினமும் பத்துப் பதிவுகளைக் கையால் எழுதுவது பன்மடங்கு பயன் தரும். ஆறு நாள் இடைவெளியில் கை மறந்துவிடுகிறது. மறந்ததை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே ஞாயிற்றின் பாதி போய்விடும்.

கேள்வி: என் இருப்புநிலைக் குறிப்பு (சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் பட்டியல்) பொருந்தவில்லை. எங்கே பிழை இருக்கும்?

பதில்: தொகைகளை அனுப்பவில்லை, இருப்பாய்வை அனுப்பவில்லை, வித்தியாசம் எவ்வளவு என்றும் சொல்லவில்லை. ஏட்டைப் பார்க்காமல் பிழையைச் சொல்ல எவராலும் இயலாது. வித்தியாசத் தொகையைக்கூடக் குறித்து வைக்காதவர் பிழையைத் தேடவே தொடங்கவில்லை என்றுதான் நான் கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த பதிலைப் படித்து, அதன்படி ஒருமுறை தேடிய பிறகு எழுதுங்கள்.

கேள்வி: பயிற்சிக் கணக்குகளில் இருப்பாய்வு பொருந்தாதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு முடித்துவிடுகிறேன். பாடத்திலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறதே. தொகை சிறியதாக இருந்தால் இதில் தவறு உண்டா?

பதில்: தவறு உண்டு. இந்தப் பழக்கம் பரவியிருப்பதைக் காண எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அனாமத்துக் கணக்கு என்பது, தேட வேண்டியதையெல்லாம் தேடிய பிறகும் பிழை அகப்படாமல், இறுதிக் கணக்குகளைத் தயாரிக்க வேண்டிய நாளும் வந்துவிட்டபோது, தற்காலிகமாகத் திறக்கப்படுவது. பிழை அகப்பட்டதும் திருத்தப் பதிவின் வழியாக மூடப்பட வேண்டியது. தேடுவதற்கு முன்பே அதைத் திறப்பவர், கற்க வேண்டிய பாடத்தை அந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்.

தொகை சிறியது என்ற எண்ணம்தான் மிகவும் ஆபத்தானது. நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு நிறுவனத்தின் இருப்பாய்வில் 40 மட்டுமே வித்தியாசம் வந்தது. மேலே இருந்தவர் 'இதற்காக நேரத்தை வீணாக்காதே, அனாமத்தில் போடு' என்றார்; நானும் போட்டேன். சில வாரங்கள் கழித்து, ஏற்கெனவே பணம் செலுத்திவிட்ட ஒரு வாடிக்கையாளருக்கு எங்களிடமிருந்து நினைவூட்டல் கடிதம் போனது. அவர் ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். ஏட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: அவர் செலுத்திய 12,500 ரொக்க ஏட்டில் ஏறியிருந்தது, அவருடைய கணக்கில் வரவு வைக்கப்படவில்லை, அதே மாதத்தில் ஒரு கடனீந்தோருக்கு (நாங்கள் பணம் தர வேண்டியிருந்தவருக்கு) கொடுத்த 12,460 ரொக்க ஏட்டில் ஏறியிருந்தது, அவர் கணக்கில் பற்று எழுதப்படவில்லை. வரவுப் பக்கம் 12,500 குறைவு, பற்றுப் பக்கம் 12,460 குறைவு. மிஞ்சித் தெரிந்தது 40. வித்தியாசத்தின் அளவு பிழையின் அளவு அன்று என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அந்த வாடிக்கையாளரின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ஆகவே தேடும் முறையைச் சொல்கிறேன். இருப்பாய்வில் பற்றுக் கூட்டுத்தொகை 48,360, வரவுக் கூட்டுத்தொகை 48,090 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 270. முதலில் இரண்டு கூட்டலையும் கீழிருந்து மேலாக மறுபடி கூட்டுங்கள். மேலிருந்து கூட்டும்போது கண் செய்த தவறை அதே வழியில் மீண்டும் செய்யும். அடுத்து, 270 என்ற தொகையே எங்காவது ஒரு பக்கம் ஏறாமல் விடுபட்டிருக்கிறதா என்று குறிப்பேட்டில் பாருங்கள். இல்லையென்றால் பாதியாக்குங்கள்: 135. வரவில் வர வேண்டிய 135 பற்றில் எழுதப்பட்டிருந்தால், ஒரு பக்கம் 135 கூடி மறுபக்கம் 135 குறைந்து, வித்தியாசம் 270 ஆகத் தெரியும். அதுவும் இல்லையென்றால் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். 270 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். 630 என்பதை 360 என்று எழுதினாலும் 270 வரும். 300 என்பதை ஒரு சுழி விட்டு 30 என்று எழுதினாலும் 270 வரும். குறிப்பேட்டில் 'பெற்ற கழிவு 300' என்றிருப்பது பேரேட்டில் 30 ஆகியிருப்பதை நான் எத்தனையோ விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன். ஒன்பதால் வகுபடவில்லையென்றால் இலக்கம் மட்டும் இடம் மாறியிருக்க வாய்ப்பில்லை. வேறு பிழை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள், இருக்கின்றன.

இவற்றையெல்லாம் செய்தும் அகப்படாவிட்டால், பேரேட்டின் ஒவ்வொரு பதிவையும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறியிட்டுக்கொண்டே வாருங்கள். குறி விழாமல் நிற்பதுதான் நீங்கள் தேடுவது. தேர்வுக்கான பயிற்சிக் கணக்கு அளவில் இதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் கற்பதை வேறெந்தப் பாடமும் கற்பிக்காது. விடைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதற்கேற்பத் தொகையை மாற்றுவதும் இதே நோயின் இன்னொரு வடிவம்தான். தயவுசெய்து அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மென்பொருள் இருக்கும்போது இருப்பாய்வு பொருந்தாமல் போகவே வழியில்லையே. கையால் எழுதிப் பழகுவது எதற்கு?

பதில்: பற்றும் வரவும் சமமாக இல்லாத பதிவை மென்பொருள் ஏற்காது என்பது உண்மைதான். ஆனால் சமமாக இருக்கிற தவறான பதிவை அது மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவு 8,000 என்பதை இயந்திரக் கணக்கில் பற்று எழுதிவிட்டால் இருப்பாய்வு பிசகாமல் பொருந்தும். ஆனால் செலவு குறைந்து இலாபமும், இல்லாத சொத்து சேர்ந்து இருப்புநிலைக் குறிப்பும் மிகைப்பட்டு நிற்கும். இதுதான் விதிப்பிழை. ஒரு நடவடிக்கை முழுவதும் விடுபட்டாலும் இருப்பாய்வு காட்டாது. எந்தக் கணக்கில், ஏன் என்று முடிவு செய்வது பதிபவரின் வேலை. அதைப் பழக்குவதற்கே கையெழுத்து ஏடு. முதல் ஆறு மாதம் தாளில் எழுதுங்கள், விளக்கக் குறிப்போடு.

கேள்வி: இறுதிக் கணக்குகளில் சரிக்கட்டுகளை (ஆண்டு இறுதியில் செய்யும் திருத்தங்களை) சில சமயம் ஓரிடத்திலும் சில சமயம் ஈரிடத்திலும் காட்டுகிறார்கள். எப்படி அறிவது?

பதில்: இருப்பாய்வுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட தொகைக்கு இரட்டைப் பதிவு (ஒரு பற்று, ஒரு வரவு) முடிந்துவிட்டது, ஆகவே அதை ஓரிடத்தில் காட்டினால் போதும். இருப்பாய்வுக்குக் கீழே கூடுதல் விவரமாகத் தரப்பட்டதற்கு இன்னும் பதிவே செய்யப்படவில்லை. ஆகவே பற்று ஓரிடம், வரவு ஓரிடம் என ஈரிடத்தில் வரும். காப்பீட்டு முனைமம் (பிரீமியம்) 6,000 என இருப்பாய்வில் இருந்து, அதில் மூன்று மாதத் தொகை அடுத்த ஆண்டுக்குரியது என்று கீழே சொல்லியிருந்தால், முன்கூட்டிச் செலுத்தியது 1,500: இலாப நட்டக் கணக்கில் அதைக் கழித்து 4,500 காட்டுங்கள், இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் 1,500 காட்டுங்கள். இறுதிச் சரக்கிருப்பு இருப்பாய்வுக்குள்ளேயே இருந்தால் அது சொத்துப் பக்கத்தில் மட்டும் வரும். வியாபாரக் கணக்கில் மறுபடி காட்டுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கூடுதல் விவரம் ஒவ்வொன்றிற்கும் ஓரத்தில் இரண்டு சிறு கட்டங்கள் வரைந்து, காட்டியதும் ஒவ்வொன்றாக நிரப்புங்கள். தேர்வு அவசரத்தில் ஒன்றை விட்டுவிடாமல் காப்பது அதுதான்.

கேள்வி: தேய்மானத்திற்கான பணம் யாருக்குப் போகிறது?

பதில்: யாருக்கும் போவதில்லை. சொத்து வாங்கிய நாளிலேயே பணம் போய்விட்டது. அந்த அடக்கத்தை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதுவதே தேய்மானம். இயந்திரம் 50,000, ஐந்தாண்டு கழித்து எஞ்சிய மதிப்பு 5,000 என்றால், நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 9,000. குறைந்து செல் மதிப்பு முறையில் 20 விழுக்காடு என்றால் முதலாண்டு 10,000, அடுத்து 8,000, அதன்பின் 6,400. 'தேய்மான நிதி பெட்டியில் இருக்கும்' என்று எழுதியிருந்தீர்கள், இல்லை. தனியே ஒதுக்கி முதலீடு செய்தாலொழிய அப்படியொரு பணம் எங்கும் இல்லை.

கேள்வி: இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்தவர் லூக்கா பசியோலி என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

பதில்: கண்டுபிடித்தவர் என்று எழுதாதீர்கள். 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் இம்முறையை விளக்கியவர் என்று எழுதுங்கள். ஜெனோவா நகராட்சியின் 1340-ஆம் ஆண்டு ஏடுகளிலேயே இரட்டைப் பதிவு இருக்கிறது. வெனிஸ் வணிகர்கள் வழக்கத்தில் வைத்திருந்ததை அவர் ஒழுங்குபடுத்தி எழுதினார். நினைவேடு, குறிப்பேடு, பேரேடு என்று அவர் சொன்ன மூன்று ஏடுகளில் பின்னவை இரண்டையும் நீங்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு 20,000. கொடுத்த காசோலை 3,500 இன்னும் வங்கிக்குப் போகவில்லை. வங்கியில் செலுத்திய காசோலை 2,000 வசூலாகவில்லை. வங்கிக் கட்டணம் 100 ஏட்டில் ஏறவில்லை. செல்லேட்டின்படி (வங்கி தரும் கணக்கு விவர ஏட்டின்படி) இருப்பு?

பதில்: 21,400. கொடுத்த காசோலையை நீங்கள் கழித்துவிட்டீர்கள், வங்கி கழிக்கவில்லை: கூட்டுங்கள். மற்ற இரண்டையும் கழியுங்கள். 'கூட்டுவதா கழிப்பதா' என்று மனப்பாடம் செய்யாமல், யார் ஏட்டில் ஏறியது, யார் ஏட்டில் ஏறவில்லை என்று ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதுங்கள்.

கேள்வி: உரிமையாளர் விற்பனைச் சரக்கைத் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்தால் விற்பனையில் எழுதலாமா?

பதில்: கூடாது. எடுப்புகள் கணக்கு பற்று, கொள்முதல் கணக்கு வரவு, அடக்க விலையில்.

கேள்வி: வியாபாரத் தள்ளுபடியையும் ரொக்கத் தள்ளுபடியையும் எங்கே பதிவது?

பதில்: வியாபாரத் தள்ளுபடி ஏட்டில் வராது. பட்டியல் விலை 10,000, வியாபாரத் தள்ளுபடி 10 விழுக்காடு என்றால் கொள்முதலில் 9,000 என்றே எழுதுங்கள். குறித்த நாளுக்குள் பணம் கொடுத்ததற்காக 2 விழுக்காடு ரொக்கத் தள்ளுபடி கிடைத்தால் அது 9,000-த்தின் மீது, அதாவது 180: கடனீந்தோர் கணக்கு பற்று 9,000, வங்கிக் கணக்கு வரவு 8,820, பெற்ற தள்ளுபடிக் கணக்கு வரவு 180.