தினமும் பெருக்கித் துடைத்தும் வீட்டில் தும்மலும் இழுப்பும் நிற்கவில்லை. வேறு எப்படிச் சுத்தம் செய்வது?

வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு, தினமும் பெருக்குகிறோம், ஒருநாள் விட்டு ஒருநாள் துடைக்கிறோம், அப்படியும் எழுந்தவுடன் அடுக்குத் தும்மல், பையனுக்கு விடியற்காலையில் இழுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூங்கி எழும் நேரத்தில் வருகிறது என்றால் தரைக்கு முன்னால் படுக்கையைத்தான் சந்தேகப்பட வேண்டும். தலையணையிலும் மெத்தையிலும் தூசிப் பூச்சி இருக்கும். கால் மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. கடிக்காது. அதன் எச்சம்தான் மூக்குக்குள் போய்த் தொல்லை கொடுக்கிறது. இரவு முழுக்க அதன்மேல் முகம் வைத்துப் படுக்கிறோம்.

மே மாத வெயிலில் மெத்தையை மொட்டை மாடியில் போடுவது நல்ல பழக்கம். பூச்சி காய்ந்து சாகும். ஆனால் எச்சம் சாகிற பொருள் அல்ல, அப்படியே இருக்கும். அதனால் காய்ந்தபின் இரண்டு பக்கமும் தடியால் நன்றாகத் தட்ட வேண்டும். தட்டுகிறவர் இழுப்பு இல்லாதவராக இருக்கட்டும், மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள், தட்டியதெல்லாம் திரும்ப வீட்டுக்குள்தான் வரும்.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். 55 முதல் 60 டிகிரி சூடு வேண்டும், கை பொறுக்கும் வெதுவெதுப்பில் பூச்சி சாகாது. தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 65 டிகிரி பக்கம் வரும். துணியும் பக்கெட்டும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் கொதிநீரைச் சற்றுக் கூடவே ஊற்றுங்கள். துணியைக் குச்சியால் அமுக்கி, மூடி வைத்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போல் அலசிக் காயப்போடலாம்.

இலவம் பஞ்சுத் தலையணையைத் துவைக்க முடியாது. நெருக்கமான நெசவில் ஜிப் வைத்த உறையை முதலில் போட்டு மூடிவிட்டு, அதன்மேல் சாதாரண உறை போடுங்கள். மெத்தைக்கும் அதே மாதிரி ஆறு பக்கமும் மூடும் உறை வேண்டும், மேலே மட்டும் விரிக்கிற ஷீட் பயன்படாது. ஏர் ப்யூரிஃபையருக்குச் செலவு செய்வதாக இருந்தால் அந்தப் பணத்தில் முதலில் இதை வாங்குங்கள். பூச்சி எச்சம் கனமானது, கொஞ்ச நேரத்தில் கீழே படிந்துவிடும். தலையணைக்குள் இருப்பதை எந்த மெஷினும் இழுக்காது. பையன் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃப்ரீசரில் ஒருநாள் வைத்து எடுத்துத் துவைத்துவிடுங்கள்.

அடுத்தது தொடப்பம். காய்ந்த தரையில் பூந்தொடப்பம் போட்டால் பாதித் தூசி முறத்துக்கு வரும், மீதி எழும்பி அரை மணி நேரம் காற்றில் நிற்கும். நீங்கள் பெருக்கி முடித்து ஃபேனைப் போடும்போது அத்தனையும் மூக்குக்கு வருகிறது. மேலிருந்து கீழே வாருங்கள்: ஃபேன் இறக்கை, பீரோ மேல்பக்கம், ஜன்னல் கம்பி, பிறகு தரை. எல்லாம் பிழிந்த ஈரத்துணியால். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை நனைத்துப் பிழிந்து இறக்கைமேல் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். பெருக்கியே ஆக வேண்டும் என்றால் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். இழுப்பு உள்ளவர் அந்த நேரத்திலும் அதன்பின் அரை மணி நேரமும் வேறு அறையில் இருக்கட்டும்.

ஏர் கூலரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் வேலூர் கோடையில் அது இல்லாத வீடு குறைவு. தூசிப் பூச்சி தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உடம்பால் இழுத்துத்தான் பிழைக்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் தாக்குப்பிடிக்காது. நம் ஊர் வறண்ட வெயில் சும்மா செய்துகொடுக்கும் அந்த வேலையை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓட்டும் கூலர் கெடுத்துவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும். தொட்டித் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறுத்தும் முன் பம்பை அணைத்துவிட்டு வெறும் காற்றை 20 நிமிடம் ஓட்டினால் பேட் காயும். பேடில் சேற்று நாற்றம் வந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது, கழுவிப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுக்கும். பீரோவை நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். கறுத்த இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 60 மில்லி ப்ளீச்சிங் திரவம் போதும். அதோடு ஆசிட் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். மாடி ஒழுக்கை அடைக்காமல் பெயின்ட் அடித்தால் மறுபடி வரும்.

கரப்பான் பூச்சிக்கு ஸ்ப்ரே வேண்டாம், அந்த வாடையே இழுப்பைக் கிளப்பும். ஜெல் மருந்தைக் கேஸ் அடுப்புக்கு அடியிலும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். செத்தபின் அந்த இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தே ஆக வேண்டும், அதன் கழிவு மாதக்கணக்கில் அலர்ஜி கொடுக்கும்.

பக்கத்துக் காலி மனையில் பார்த்தீனியம் என்கிற அலர்ஜி தரும் களைச்செடி இருந்தால் பூ விடுவதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். குடியாத்தம் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர்கள் புகையிலைத் தட்டைப் படுக்கும் அறைக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் செய்தாலும் பலன் தெரிய வாரங்கள், சில வீடுகளில் மாதங்கள் ஆகும். பையனின் இழுப்புக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை இதை நம்பி நிறுத்தாதீர்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குப் போவதானால், செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது, ஒன்றுமில்லை என்று தவறான முடிவு வந்துவிடும்.