14 நாள் யாருக்கு? – கடிதம்

அன்புள்ள அக்கா,

பரணைச் சுத்தம் செய்தபோது 2020-இல் கொரோனா சமயத்தில் அப்பா சேர்த்துவைத்த நோட்டீஸ் கட்டு கிடைத்தது. எங்கள் கதவிலிருந்து உரித்த தனிமைப்படுத்தல் ஸ்டிக்கரின் பாதியும் அதற்குள் இருந்தது. வரிசையாகப் படித்தால் தலை சுற்றுகிறது. மார்ச்சில் நோயில்லாதவருக்கு மாஸ்க் வேண்டாம் என்றார்கள். ஏப்ரலில் போடாவிட்டால் அபராதம். எங்கள் ஊர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், நாங்களும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடந்தோம். பிறகு அதுவே கெடுதல் என்றார்கள். கபசுரக் குடிநீர் கதை வேறு.

ஜூனில் மாடிவீட்டுக்காரருக்குத் தொற்று. 10-ஆம் நாள் டெஸ்ட்கூட எடுக்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு தும்மல்கூட இல்லாத நாங்கள் 14 நாள் உள்ளே. “நோய்க்காரன் வெளியே, நல்லா இருக்கிற நாம உள்ளே” என்று அம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறார். அதிகாரிகளிடம் நேரில் போய்க் கேட்டதற்கு “இரண்டு பேருக்கும் தனிமைப்படுத்தல்தான்” என்று பதில் வந்தது.

என் கேள்வி இதுதான். அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் முதல் இரண்டு மாதம் அரசு சொல்வதைக் கேட்பதா, நம் புத்திப்படி நடப்பதா?

(அப்பா அந்த ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைக்கூட இன்னும் வைத்திருக்கிறார்.)

ம., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பழைய வழக்கு. அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக நான் முட்டிக்கொண்டிருக்கும் இடம் அது. அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாஸ்க் விஷயத்தில் உங்கள் கோபம் பாதி நியாயம். 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அந்நாட்டு அரசின் தலைமைப் பொதுச்சுகாதார அதிகாரி), மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை என்றார். அதே மூச்சில், மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காவிட்டால் எல்லோருக்கும் ஆபத்து என்றும் சொன்னார். பயனில்லாத சாமான் டாக்டருக்கு மட்டும் எதற்கு என்று பெட்டிக்கடைக்காரர்கூடக் கேட்பாரே. “சரக்கு குறைவு, முதலில் அவர்களுக்கு” என்று நேராகச் சொல்லியிருந்தால் ஜனங்கள் கேட்டிருப்பார்கள். இங்கே ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டிலேயே துணியில் தைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த இடத்துக்கு வந்து சேர ஜூன் 5 ஆயிற்று. மீதிப் பாதிக் கோபம் நியாயமில்லை. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நோய் பரவுகிறது என்பது அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் உறுதிப்பட்டது. தெரிந்ததும் மாற்றிச் சொன்னார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் அதற்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பீர்கள்.

சுரங்கம் ஏப்ரல் 1 அன்று திறந்தது. ஆள்மேல் மருந்து தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18 அன்று சொன்னது. உடம்புக்குள் போய்விட்ட வைரஸை சட்டைமேல் தெளித்த ஹைப்போகுளோரைட் (அதாவது ப்ளீச்) என்ன செய்யும்? கண் எரியும், தொண்டை கமறும், அவ்வளவுதான். 17 நாளில் திருத்தினார்கள் என்று சந்தோஷப்படுங்கள். கபசுரக் குடிநீருக்குள் என்னை இழுக்காதீர்கள். 

இப்போது அம்மா. உங்களுக்கு அன்று கிடைத்த பதில் இருக்கிறதே, “இரண்டு பேருக்கும் தனிமைப்படுத்தல்தான்”, குழப்பம் முழுவதும் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐசொலேஷன் என்றும் குவாரன்டைன் என்றும் இரண்டு சொல். முதலாவது நோய் வந்தவருக்கு. இரண்டாவது நோய் வந்திருக்குமோ என்று பார்க்கவேண்டியவருக்கு. தமிழில் செய்தித்தாள், ஸ்டிக்கர், ஆட்டோ மைக் எல்லாம் இரண்டையும் ‘தனிமைப்படுத்தல்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டின. ஒரே சொல் என்றால் ஒரே கணக்கு என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்புறம் ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 14 என்றால் அது ஓரவஞ்சனையாகத்தான் தெரியும்.

இரண்டும் வேறு கடிகாரம், தம்பி. நோய்க்காரரின் கடிகாரம் முதல் அறிகுறி தெரிந்த நாளில் ஓடத் தொடங்குகிறது. தொடக்கத்தில் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு டெஸ்ட் ‘நெகட்டிவ்’ வந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். அதில் ஒரு சிக்கல். ஆர்டி–பிசிஆர் என்ற அந்த டெஸ்ட் செத்த வைரஸின் துணுக்கையும் பிடிக்கும். ஆள் தேறிய பிறகும் வாரக்கணக்கில் ‘பாசிட்டிவ்’ காட்டும். லேசாக வந்துபோனவரின் உடம்பில் பிறருக்குத் தொற்றக்கூடிய உயிருள்ள வைரஸ் பெரும்பாலும் 10 நாளுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் 2020 மே 8 அன்று விதியை மாற்றினார்கள். லேசான நோய் என்றால், அறிகுறி தொடங்கி 10 நாள், கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லை, அனுப்பிவிடலாம், டெஸ்ட் வேண்டாம். அதே விதியின் அடுத்த வரி உங்கள் கண்ணில் படவில்லை. வீட்டுக்குப் போய் இன்னும் 7 நாள் ஒதுங்கி இருக்கவேண்டும். 10-உம் 7-உம் 17. மாடிவீட்டுக்காரர் வெளியே போகவில்லை, மாடிக்குத்தான் வந்தார். படிக்கட்டில் அவரைப் பார்த்திருந்தால் அது அவர்மேல் தப்பு.

உங்களுடைய கடிகாரம் வேறு. தொற்றியவரைக் கடைசியாக நெருங்கிய நாளிலிருந்து அது ஓடும். அன்றைய கிருமி உள்ளே போன பிறகு அறிகுறி வெளியே வர சுமார் 5 நாள். அறிகுறி வரப்போகிறவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் பதினொன்றரை நாளுக்குள் வந்துவிடும் என்று 2020 மார்ச்சிலேயே கணக்கிட்டிருந்தார்கள். கொஞ்சம் கை தாராளமாக வைத்து 14. மூன்றாம் நாளே டெஸ்ட் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று காட்டியிருந்தாலும் விட்டிருக்கமாட்டார்கள், ஏனென்றால் கிருமி அப்போதுதான் உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும்.

தேதி போட்டுப் பாருங்கள். மாடிவீட்டுக்காரருக்கு 1-ஆம் தேதி காய்ச்சல். 3-ஆம் தேதி உங்கள் அம்மா மாவுப் பாத்திரத்தோடு மேலே போய் அரைமணி பேசிவிட்டு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 11-ஆம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து விடுதலை. அம்மாவுக்கு 17. அவர் ஆஸ்பத்திரிக்கே போகாமல், தனியறையும் இல்லாமல், அதே கழிப்பறை, அதே கூடம் என்று 11 வரை வீட்டிலேயே இருந்திருந்தால், அவர் மனைவியின் 14 நாள் அந்த 11-ஆம் தேதியில்தான் ஆரம்பிக்கும். 25 வரை போகும். நோயே வராதவருக்கு எல்லோரையும்விட நீளமான அடைப்பு! கேட்க அநியாயம், கணக்கு சரி. இந்த மூன்று தேதியையும் ஒரு கட்டம் கட்டி நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அம்மா இத்தனை வருஷம் அதைச் சுமந்திருக்கமாட்டார்.

கணக்கு எங்கே தவறும் என்றும் சொல்கிறேன், கையிலிருக்கும் பாதி ஸ்டிக்கரை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதிய தேதி எது? ஒட்ட வந்த நாளா, சாம்பிள் எடுத்த நாளா, முடிவு வந்த நாளா, கடைசியாகப் பழகிய நாளா? சாம்பிள் கொடுத்து முடிவு வர மூன்று நாள், ஒட்ட ஒரு நாள் என்றால் நான்கு நாள் சும்மா கூடிவிடும். தொடக்கம் என்ன என்று எழுதாத 14, வெறும் எண்.

நம் ஜனங்களுக்கு முதல் கடிகாரம் புதிதில்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் தெருவுக்கே விஷயம் தெரியும். யார் உள்ளே போகக்கூடாது, எப்போது முதல் தண்ணீர் ஊற்றுவது, மூன்றாம் தண்ணீர் எப்போது என்று கிழவிகள் உடம்பைப் பார்த்து நாள் சொல்வார்கள். மே 8 விதியும் அதே ஜாதிதான், அறிகுறியைப் பார்த்து நாள் குறிப்பது. ஆனால் கொப்புளம் இல்லாத ஆளை, தெம்பாக நிற்கும் ஆளை நாள் எண்ணி உட்காரவைக்கும் வழக்கம் வீடுகளில் இல்லை. அது துறைமுகத்து வழக்கம். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் கேம்ப் அதற்காகவே இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகள், நன்றாக இருந்தவர்கள்தான், அங்கே சில நாள் அடைபட்டுக் கிடந்துதான் கப்பல் ஏறினார்கள். வழக்கம் இல்லாத இடத்தில் சொல்லாவது தனியாக இருக்கவேண்டாமா? நோயாளிக்கு ‘ஒதுக்கம்’, பழகியவருக்கு ‘காத்திருப்பு’ என்றாலே போதும். அழகான சொல் என்று சண்டைக்கு வரமாட்டேன். இரண்டாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். புதுச்சொல் ஆக்கும் புலவர்கள் வைரஸுக்கே தமிழ்ப்பெயர் தேடி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை.

இன்னொரு சொல்லும் உண்டு. ‘அறிவுறுத்தப்படுகிறது.’ இது புத்திமதியா, ஆணையா? 2020 மே 17 அன்று உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு, 65 வயது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தாகவேண்டும் என்றது. மே 30 உத்தரவு, இருப்பது நல்லது என்று இறங்கியது. ஆங்கிலத்தில் ஒரு வினை மாறியது, பொருள் தலைகீழ். முதல் வகையை மீறினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51 முதல் 60 வரையான பிரிவுகளும், அன்றைய தண்டனைச் சட்டத்தின் 188-உம் பாயும். இரண்டாவதற்கு ஒன்றுமில்லை. ‘ஆரோக்ய சேது’ செயலியும் இப்படித்தான். மே 1 உத்தரவில் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் கட்டாயம், மே 17-இல் முடிந்தவரை முயலவும். நம் அலுவலகத் தமிழ் இரண்டையும் ‘அறிவுறுத்தப்படுகிறது’ என்று சொல்லிவிட்டு ஸ்டாம்ப் குத்தும். யார் செய்யவேண்டும், செய்யாவிட்டால் என்ன என்பது அந்த ‘படுகிறது’க்குள் காணாமல் போகும். அப்புறம் லத்தியோடு நிற்கிற காவலர் தனக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொள்வார்.

‘ஊரடங்கு’ இன்னொரு குழப்பம். மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். பேச்சு முடிவதற்குள் மளிகைக்கடை வாசலில் கூட்டம். கடைகள் திறந்திருக்கும் என்பது அன்றைய உத்தரவின் பட்டியலில் இருந்தது, பேச்சில் அழுத்தமாக வரவில்லை. சரி, முதல் தடவை. ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரைக்கு 26-ஆம் தேதி காலை 6 மணியிலிருந்து 29 இரவு வரை ‘முழு ஊரடங்கு’ என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. உங்கள் திருப்பூருக்கும் சேலத்துக்கும் 28 வரை. நடமாடும் வண்டியில் காய்கறி வரும் என்றும் அதில் இருந்தது. ஏற்கெனவே ஊரடங்கில் இருப்பவன் காதில் ‘முழு’ மட்டும்தான் விழும். நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று நெரிசல் தாங்காமல் கடை நேரத்தை மதியம் 3 மணி வரை நீட்டினார்கள். இலங்கையில் மார்ச் 20-லிருந்து போட்டது அசல் ஊரடங்குச் சட்டம், வாசலைத் தாண்டினால் கைது. இங்கே பால் வாங்கப் போகலாம். இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர். யாழ்ப்பாணத்து உறவுக்காரரோடு போனில் பேசியவர்கள் எவ்வளவு குழம்பியிருப்பார்கள்!

கேட்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். கேளுங்கள், வேறென்ன செய்வீர்கள், ஃபார்வர்டு மெசேஜைக் கேட்பீர்களா? ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்ததும் பேனாவை எடுத்து, வெளியிட்ட தேதியை வட்டமிடுங்கள். முந்தையதை ரத்து செய்கிறதா, கூடச் சேர்க்கிறதா என்று பாருங்கள். நாள் கணக்கு இருந்தால் எந்த நாளிலிருந்து என்று கேட்டு ஓரத்தில் எழுதிவையுங்கள். அம்மாவிடம் அந்த 1, 3, 11, 17 தேதிகளைக் காலண்டரில் வைத்துக் காட்டுங்கள். அவர் ஏமாற்றப்படவில்லை என்று நீங்கள் வாயால் சொன்னால் நம்பமாட்டார்.

பி.கு.: அப்பாவின் டப்பா. உடனே அப்புறப்படுத்துங்கள், ஆனால் தூக்கிக் கழிப்பறையில் கொட்டவேண்டாம். அங்கே ஆசிட் கிளீனர் இருந்தால் குளோரின் வாயு கிளம்பும். அன்று எல்லோரும் சொன்ன “1 சதவீதக் கரைசல்” என்றால் லிட்டருக்கு 10 கிராம் குளோரின். கடையில் கிடைக்கும் சாதாரண ப்ளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போது 30 சதவீதம் போலக் குளோரின் இருக்கும், ஆக லிட்டருக்கு 33 கிராம். 70 சதவீதக் குருணை என்றால் 14 கிராம் போதும். பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் வாட்ஸப்பில் வந்த கிராமைப் போட்டவர்கள் ஒன்று வெறும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தார்கள், இல்லை கையைப் பொசுக்கிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும். வீட்டுக் கதவுப்பிடிக்கு 0.1 சதவீதமே போதும், அதாவது 3 கிராம் சொச்சம். மூடி சரியில்லாத டப்பாவில் இத்தனை வருஷம் கிடந்த பவுடரில் குளோரின் பெரும்பாலும் எப்போதோ பறந்திருக்கும். அவர் பத்திரப்படுத்தியிருப்பது பெரும்பாலும் ஈரம் கோத்த சுண்ணாம்பு.