காது கேட்காத பெண்ணை வேலைக்கு எடுத்தால் கம்பெனிக்கு என்ன கிடைக்கும்?

வணக்கம் அம்மா. காது கேட்காத என் பெண்ணை எந்தக் கம்பெனி எடுக்கும், எடுத்தால் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். பி.காம். முடிக்கப் போகிறாள், டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும், கணக்கில் தப்பு விடமாட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, முதல் லாபம் அதுதான். அதற்கு மேல் அரசும் முதலாளிக்குக் கை கொடுக்கிறது. இது பெற்றோருக்கு மட்டுமில்லை, சின்ன கம்பெனிகளின் ஹெச்.ஆர். பலருக்கும் தெரிவதில்லை, அதனால் உங்கள் மகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

2008 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளத்தில் ஒரு மாற்றுத்திறனாளியைத் தனியார் நிறுவனம் வேலைக்கு வைத்தால், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டிலும் முதலாளி கட்ட வேண்டிய பங்கை முதல் 3 ஆண்டுகளுக்கு அரசே ஏற்கும் என்பதுதான் அப்போதைய அறிவிப்பு. 15,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். முதலாளியின் பி.எஃப். பங்கு 12%, அதாவது 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ. 3.25%, ஏறக்குறைய 488 ரூபாய். அந்தக் கணக்கில் மூன்று ஆண்டில் 82,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். சின்ன நிறுவனத்துக்கு இது கவனிக்க வேண்டிய தொகைதான். இப்போதைய நிபந்தனைகளை அவர்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. அலுவலகங்களில் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும், அது அவர்கள் வேலை.

ஆனால் நேர்காணலில் இதை முதலில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சலுகைக்காக எடுத்தவர்கள் சலுகை முடிந்ததும் என்ன செய்வார்கள்? முதலில் தனக்கு என்ன வேலை தெரியும் என்று காட்டட்டும். அப்புறம் தனக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று சொல்லட்டும்: வேலையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், வீடியோ மீட்டிங்கில் பேசுவது எழுத்தாக வரும் கேப்ஷன் போடுங்கள், போனுக்குப் பதில் மெசேஜ் அனுப்புங்கள். பெரும்பாலும் காசே செலவில்லாத விஷயங்கள். அவர்கள் தயங்கினால் கடைசியில் இந்தத் திட்டத்தைச் சொல்லலாம்.

"தனியாரிலும் 5% இடஒதுக்கீடு எங்களுக்குத்தானே" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில்தான் குறைந்தது 4% ஒதுக்குகிறது, அதில் 1% செவித்திறன் குறைந்தவர்களுக்கு. தனியாருக்கு அது கட்டாயம் வைக்கவில்லை. அவர்கள் ஊழியர்களில் குறைந்தது 5% பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கச்சலுகை தர வேண்டும் என்றுதான் 35-வது பிரிவு சொல்கிறது. ஒன்று மட்டும் தனியாருக்கும் உண்டு: சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு எந்தெந்தப் பணிகள், என்ன வசதிகள் என்பதும் அதில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் கம்பெனியின் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போட்டிருந்தால் அங்கே கொஞ்சம் நம்பிக்கையோடு போகலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டை வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் மற்றதெல்லாம் பிறகு, இது முதலில். 40% அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்று இருந்தால்தான் அரசு இடஒதுக்கீடு கிடைக்கும். கிண்டியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது, சென்னை வரும்போது அங்கேயும் பதிவு செய்துவிடுங்கள். அரசுத் தேர்வு மட்டும் எழுதட்டும் என்கிறீர்கள். எழுதட்டும், நல்லதுதான், ஆனால் முடிவு வரும்வரை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

இன்னொன்று. அரசு ஏற்பது முதலாளியின் பங்கை மட்டும்தான். வேலை கிடைத்ததும் சம்பளச் சீட்டில் உங்கள் மகளின் பங்காக பி.எஃப். 12%, இ.எஸ்.ஐ. 0.75% பிடித்திருந்தால் பதற வேண்டாம், அது முறையான பிடித்தம். முதலாளி பங்கையும் அவள் கைக்கு வரும் பணத்திலேயே கழித்திருந்தால் உடனே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.