நான்கு சக்கர இயக்கம் (எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றுவது) உள்ள வண்டிக்கும் பனிக்கால டயர் தேவையா?

தேவைதான். பனிக்கால டயர் என்பது கடுங்குளிரிலும் இறுகாத ரப்பரால் செய்த டயர். கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாது, பிடிப்பு குறைந்துவிடும். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை நினைத்துப் பாருங்கள். மென்மையானது தாளைக் கவ்விப் பிடிக்கும். பழசாகி இறுகியது வழுக்கிக்கொண்டே போகும். பனிக்கால டயரின் மேல்பரப்பில் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகளும் நிறைய இருக்கும். அவற்றின் விளிம்புகள்தான் பனியைக் கவ்வுகின்றன.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள முத்திரையைத் தேடுங்கள். ‘எம்+எஸ்’ (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் போதாது. அப்புறம், தயவுசெய்து நான்கு சக்கரங்களுக்கும் மாட்டுங்கள். முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் சறுக்கி வண்டியே சுழன்றுவிடலாம்.

“நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அதனால் சீக்கிரம் நிற்கும்” என்று பலர் நம்புகிறார்கள். அந்த வசதி வண்டியைக் கிளப்பத்தான் உதவும், பிரேக் மிதித்தபின் பிடித்து நிறுத்துவது டயரின் பிடிப்புதான்.